நிலத்தை அடகு வைக்காதீர்கள், மகளை வேதியியல் படிக்க விடுங்கள்

அன்புள்ள ஐயா,

ராணிப்பேட்டையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகளுக்கு வேதியியலில் நல்ல மார்க், ஆசையும் அதில்தான். மைத்துனரும் பங்காளிகளும் ‘ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படிப்பில் சேர்’ என்கிறார்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்காக நிலத்தை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பயப்படாதீர்கள் என்று ஆறுதல் சொல்லி முடித்துவிடலாம், ஆனால் அது பதில் ஆகாது. அடகு வைக்காதீர்கள். வட்டி கட்டப்போவது மைத்துனர் இல்லை.

பொறியியல், மருத்துவம், பி.எட். பற்றியெல்லாம் ஊரே சொல்லும், விடுங்கள். உங்கள் ஊரிலேயே ஒரு வேலை கிடக்கிறது. மூடிப்போன குரோமேட் (குரோமிய உப்பு) தொழிற்சாலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் அங்கே குவிந்து கிடந்தது உங்களுக்குத் தெரியாததா? அது மண்ணில் எதுவரை இறங்கியிருக்கிறது என்பதை யாராவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒளிர்வு நிறமாலை முறைகள் இருக்கின்றன, அதாவது ஒரு பொருள் உமிழும் கதிரை வைத்து அதில் என்ன இருக்கிறது என்று அறிவது. எக்ஸ் கதிர் பட்டதும் குரோமியம், ஈயம் போன்றவை ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரை உமிழும். கையடக்கக் கருவி நிலத்திலேயே சில நிமிடங்களில் அளவைச் சொல்லிவிடும். ஆனால் மண் ஈரமாக இருந்தால் குறைத்துக் காட்டும். மொத்தக் குரோமியத்தைத்தான் சொல்லும், அதில் கொடிய நஞ்சான ஆறு இணைதிறக் குரோமியம் எவ்வளவு என்று பிரிக்காது. அதற்குத்தான் வேதியியல் படித்த ஆள் வேண்டும்.

எண்ணெய்க் கசிவைக் கண்டுபிடிக்க என்றால் எக்ஸ் கதிருக்குப் பதில் புற ஊதா ஒளி. 2017-இல் எண்ணூரில் கப்பல்கள் மோதிக் கொட்டியதே, அந்த மாதிரி எண்ணெயில் இருக்கும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் அந்த ஒளியில் மின்னும். சிக்கல் என்னவென்றால், மண்ணில் மட்கிப்போன இலைதழையும் சேர்ந்து மின்னும். இரண்டையும் பிரிக்கக் கணினி நிரல் தேவை. பைத்தான் என்ற நிரல் மொழியை அவள் இதற்காகவே கற்றுக்கொள்ளட்டும், அதற்கு நிலத்தை அடகு வைக்க வேண்டாம்.

வழி இதுதான்: அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், கணிதத்தை விடாமல். அப்புறம் ஜாம் (எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு) எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தில். பி.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். ஐந்து வருஷம் படிக்கவும், வெயிலில் மண் எடுக்கவும் தயாரா என்று கேளுங்கள். மகளிடம் கேளுங்கள், பங்காளிகளிடம் இல்லை.