டி செல்லுக்குத் தைமஸ் எதற்கு?

வெள்ளை அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலேயே உருவாகும்போது தைமஸுக்கு என்ன வேலை என்பது கேள்வி. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணு வகைகளில் ஒன்றான டி செல்லுக்கு மஜ்ஜை பிறந்த இடம் மட்டுமே. தேர்வு நடப்பது மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில்தான்.

அங்கே ஒவ்வொரு செல்லும் மரபணுத் துண்டுகளைக் கலைத்துச் சேர்த்துத் தனக்கென ஓர் ஏற்பியை, அதாவது பிற புரதங்களை அடையாளம் காணும் புரதத்தை, அமைத்துக்கொள்கிறது. புரதத் துணுக்குகளைச் செல்லின் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் நம் எம்ஹெச்சி புரதத்தை அடையாளம் காணத் தெரியாத செல் சாகும். உடலின் சொந்தப் புரதத் துணுக்கை மிக இறுக்கமாகப் பிடிப்பதும் பெரும்பாலும் சாகும். நூற்றுக்கு ஐந்துகூடத் தேறுவதில்லை. வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். இன்சுலின் போன்ற புரதங்களைத் தைமஸில் காட்ட வைக்கும் 'ஏர்' மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால், சாக வேண்டிய செல்கள் தப்பிவிடும்; அட்ரினல், பாராதைராய்டு சுரப்பிகளையே நோயெதிர்ப்பு மண்டலம் தாக்கும்.

தேறியவை நிணநீர்க் கணுக்களைச் சுற்றிவரும். கிருமியை விழுங்கி அதன் துணுக்கை ஏந்திவரும் காவல் செல்லான டெண்ட்ரிடிக் செல் அதை டி செல்லுக்குக் காட்டுவது முதல் சைகை. டெண்ட்ரிடிக் செல்லின் பி7 புரதம் டி செல்லின் மேலுள்ள சிடி28 என்ற புரதத்தைத் தொடுவது இரண்டாவது. முதலாவது மட்டும் வந்தால் செல் முடங்கிவிடும். ஆபத்தை உணர்ந்த டெண்ட்ரிடிக் செல்தான் பி7-ஐ ஏராளமாகக் காட்டும். தனிப் புரதத்தால் ஆன பல தடுப்பூசிகளில் அலுமினிய உப்பு சேர்ப்பது அந்த உணர்வைத் தூண்டத்தான்.

இரண்டும் கிடைத்தால் இன்டர்லியூகின்-2 என்ற பெருக்கத்தைத் தூண்டும் புரதம் சுரந்து செல் பெருகத் தொடங்கும். படை திரள ஒரு வாரம்வரை ஆகலாம். தொண்டைத் தொற்றின்போது கழுத்தில் நெறி கட்டுவதற்கு இந்தப் பெருக்கமும் ஒரு காரணம்.