கருவளையமா? முதலில் பிடரியைப் பாருங்கள்

கண்ணைச் சுற்றிப் படரும் கருமைக்கும் ஹார்மோன்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு, தோல் மருத்துவமும் நாளமில்லாச் சுரப்பி மருத்துவமும் அறிந்த எங்கள் குழு பதில் தருகிறது.

கேள்வி: எனக்கு வயது 24. இரண்டு வருடமாகக் கண்ணைச் சுற்றிக் கருமை கூடிக்கொண்டே போகிறது. நன்றாகத்தான் தூங்குகிறேன். மாதவிலக்கு சில சமயம் இரண்டு மாதம் தள்ளிப்போகும். ‘இது ஹார்மோன் கோளாறுதான், எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிடு’ என்கிறாள் தோழி. என்னென்ன எடுக்க வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தில் எங்கள் கண்ணில் முதலில் பட்டது கருவளையம் இல்லை, தள்ளிப்போகும் மாதவிலக்குதான். கருவளையம் மட்டும் தனியாக இருந்தால் ஹார்மோனைச் சந்தேகிக்க வேண்டியது அபூர்வம். பரம்பரை, ஒவ்வாமை, கண்ணைக் கசக்கும் பழக்கம், கண்ணுக்குக் கீழே இயல்பாக உள்ள பள்ளம் ஆகியவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஹார்மோன் கோளாறு கண்ணோடு நின்றுவிடாது. உடம்பில் வேறு இடங்களிலும் தடயம் வைக்கும். அதைத் தேடுவதுதான் முதல் வேலை.

பகல் வெளிச்சத்தில் கூந்தலைத் தூக்கி, பிடரியை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தோல் கருத்து, சற்றுத் தடித்து, தொட்டால் வெல்வெட் துணிபோல் இருக்கிறதா? கோடுகள் அழுத்தமாகத் தெரிகின்றனவா? அக்குள், தொடை இடுக்கு, விரல் மூட்டுகள் ஆகியவற்றையும் பாருங்கள். கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன மருக்கள் தொங்கினால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சந்தேகத்தை உடனே தீர்த்துவிடலாம். ஊசி போடும் முன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கருமை பஞ்சோடு வந்துவிட்டால், அது சோப்புக்குப் போகாமல் படிந்துபோன இறந்த தோல்தான். வராவிட்டால் ‘அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ்’ என்ற நிலையை யோசிக்க வேண்டும். சிலருக்கு இது கழுத்தோடு நிற்காமல் நெற்றியோரம், கன்னத்து எலும்பு, கண்ணைச் சுற்றிய பகுதி வரை ஏறும்.

இதற்கு அடிப்படை பெரும்பாலும் இன்சுலின் எதிர்ப்பு. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. ரத்தத்தில் மிதமிஞ்சிய இன்சுலின், தோல் செல்களில் வளர்ச்சிக்கென்று உள்ள வேறு ஏற்பிகளையும் தூண்டிவிடுகிறது. செல்கள் பெருகித் தோல் தடிக்கிறது. தடித்த தோல் கறுப்பாகத் தெரிகிறது. நிறமி கூடியதைவிடத் தோல் தடித்ததே இங்கே முக்கியக் காரணம் என்பதால்தான், நிறத்தை வெளுக்க வைக்கும் கிரீம்கள் இதில் தோற்றுப்போகின்றன. நார் போட்டுத் தேய்த்தால் உரசலால் இன்னும் கறுக்கும்.

அதே கூடுதல் இன்சுலின், சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகம் சுரக்கச் செய்யும். 35 நாளுக்கு மேல் இடைவெளி, வருடத்தில் 8 முறைக்கும் குறைவான மாதவிலக்கு, தாடையில் முரட்டு முடி, தாடையோரம் அடங்காத பரு என்றால் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் பட்டியல் இதுதான்: கர்ப்பம் இருக்க வாய்ப்பிருந்தால் முதலில் அதற்கான சோதனை, வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), மொத்த டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் (அட்ரினல் சுரப்பிக் கோளாறைக் காட்டும் சோதனை), கொழுப்பு அளவுகள். 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனை மாதவிலக்கான 2 முதல் 5-ம் நாளுக்குள், காலையில் கொடுப்பது நல்லது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைத்துக் காட்டும். அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஸ்கேன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 மி.கி. வரை இருந்தாலோ, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தாலோ அது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். அதற்கு மேலே போனால் சர்க்கரை நோய். ஆனால் இரண்டும் இயல்பாக இருப்பதாலேயே இன்சுலின் எதிர்ப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. கணையம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். இன்னொன்று: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். எனவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்கு மேல் இருந்தால், உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். வாரம் 150 நிமிட வேக நடை, அதோடு இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. எடை சரியாக இருந்தாலும் பயிற்சி இன்சுலினின் வேலையை எளிதாக்கும். இன்சுலின் எதிர்ப்பைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். மாதவிலக்குச் சீராவதுதான் முதல் நல்ல செய்தி. கருமை வெளுக்கப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் சோர்ந்து சிகிச்சையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் கருவளையம் எந்த வகை என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். முகத்தைக் கழுவி, மையோ மேக்கப்போ இல்லாமல், ஜன்னலுக்கு நேராகக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீழ் இமைத் தோலை விரலால் மெதுவாகப் பக்கவாட்டில் இழுங்கள். நிறம் அப்படியே பழுப்பாக இருந்தால் நிறமி. இழுக்கும்போது நீலமோ ஊதாவோ இன்னும் தூக்கலாகத் தெரிந்தால் ரத்தக் குழாய்கள். அங்கே தோல் அரை மில்லிமீட்டர்தான் கனம் என்பதால் அடியில் இருப்பது அப்படியே தெரியும். கருமை மறைந்துவிட்டால் அது வெறும் நிழல். டார்ச்சை முகத்துக்கு நேராக அடித்துப் பார்த்தாலும் நிழல் காணாமல் போய்விடும். பலருக்கு இந்த மூன்றும் கலந்தே இருக்கும்.

ரத்தசோகை கருமையை உண்டாக்குவதில்லை. முகம் வெளிறும்போது நீலக் குழாய்கள் எடுப்பாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்து மருந்து எடுக்க வேண்டும். நிழல் வகைக்கு எந்த கிரீமும் வேலை செய்யாது. அதில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

கேள்வி: மூன்று வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். இருந்தும் காலையில் கண் வீங்குகிறது, சுற்றிலும் கறுப்பு. டி.எஸ்.எச். ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கூடவே இரும்புச்சத்து மாத்திரையும், முடிக்கு பயோட்டினும் எடுத்துக்கொள்கிறேன்.

பதில்: சிக்கல் உங்கள் கடைசி வரியில் இருக்கலாம். உங்கள் தைராய்டு மாத்திரையில் உள்ள லெவோதைராக்ஸினோடு இரும்போ கால்சியமோ சேர்ந்தால் குடலில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, மருந்து ரத்தத்துக்குள் சரியாகப் போகாது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்குங்கள். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காபி, டீ, உணவு எதுவும் வேண்டாம். இரும்பு மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி கட்டாயம். பேசாமல் அதை இரவுக்கு மாற்றிவிட்டால் தொல்லையில்லை.

பயோட்டின் என்ற வைட்டமினால் வருவது வேறு சிக்கல். அது தைராய்டைக் கெடுப்பதில்லை, பரிசோதனையைத்தான் குழப்புகிறது. பல ஆய்வகங்களில் பயன்படும் முறைகளில், அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் டி.எஸ்.எச். குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4 கூடுதலாகவும் தவறாகக் காட்டும். அதை நம்பி மாத்திரை அளவைக் குறைத்துவிட்டால் வீக்கம் திரும்ப வரும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். மாத்திரை அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபரிசோதனை. அவசரப்பட்டு இரண்டாவது வாரமே எடுத்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

தைராய்டு குறைந்தால் கண்ணில் தெரிவது வீக்கம்தான். அந்த வீக்கத்தின் நிழல் கருவளையமாகத் தோன்றும். புருவத்தின் வெளிப்புறம் முடி உதிர்வது, மலச்சிக்கல், குளிர் தாங்காமை ஆகியவை கூட வரும். தைராய்டு கூடினால் கதை வேறு. சிலருக்கு இமைத் தோலே பழுப்பாக மாறும். இதை ‘ஜெல்லினெக் அறிகுறி’ என்பார்கள். ஆனால் அதைவிடக் கை நடுக்கம், படபடப்பு, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது, கண் பிதுங்குவது ஆகியவைதான் நோயைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: என் கணவருக்கு 45 வயது. சில மாதங்களாகக் கண்ணைச் சுற்றி மட்டுமல்ல, முகம், கை எல்லாமே கறுத்துக்கொண்டு வருகிறது. எடை குறைந்துவிட்டது. எழுந்து நின்றால் தலைசுற்றல். உப்பு அதிகம் கேட்கிறார். வெயில் என்கிறார் அவர்.

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அவருடைய உள்ளங்கை ரேகைகள், ஈறு, பழைய தழும்புகள் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த இடங்கள் கறுத்திருந்தால் வெயில் காரணமாக இருக்க முடியாது. சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் ‘அடிசன் நோய்’ இப்படித்தான் வரும். அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோன் குறைவதைக் கண்டு, மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோனை அதிகமாக அனுப்புகிறது. அது நிறமி செல்களையும் தூண்டிவிடுவதால்தான் இந்தக் கருமை. காலை 8 மணி வாக்கில் கார்டிசால், அதோடு ஏ.சி.டி.எச்., சோடியம், பொட்டாசியம், சர்க்கரை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வாந்தி, கடும் வயிற்றுவலி, மயக்கம் வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஓர் எச்சரிக்கை. இந்த நோயில் டி.எஸ்.எச். சற்றுக் கூடியிருக்கலாம். அதை மட்டும் பார்த்துத் தைராய்டு மாத்திரை தொடங்கினால், கார்டிசால் தேவை கூடி ஆபத்தில் முடியலாம். கருமையையும் தலைசுற்றலையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

கேள்வி: மருந்துக் கடையில் வாங்கிய கிரீம் போட்டதும் இரண்டே வாரத்தில் கருவளையம் வெளுத்தது. இப்போது போடாவிட்டால் முன்னைவிட மோசமாகக் கறுக்கிறது, எரிகிறது. என்ன ஆயிற்று?

பதில்: ட்யூபின் பின்புறம் படியுங்கள். ஹைட்ரோகுவினோன், டிரெடினாயின், கூடவே மோமெட்டசோன் அல்லது ஃபுளூசினோலோன் என்று இருந்தால், கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. முதலில் வெளுக்கும். நாளாக ஆகத் தோல் மெலிந்து, அடியிலுள்ள குழாய்கள் முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். அதைத்தான் ‘மோசமாகக் கறுக்கிறது’ என்கிறீர்கள். கண்ணுக்கு அருகில் மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் உயரலாம், கண்புரை வரலாம். எத்தனை மாதம் போட்டீர்கள் என்று சொல்லி, கண் மருத்துவரிடம் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். நிறுத்தும்போது வரும் எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதையே போடாமல், தோல் மருத்துவர் உதவியோடு வெளியே வாருங்கள். என்னென்ன கலந்திருக்கிறது என்றே அச்சிடாத வெள்ளையாக்கும் கிரீம்கள் இன்னும் மோசம். சிலவற்றில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படி எதையாவது போட்டிருந்தால் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள்.

எரிச்சல் அடங்கும்வரை வாசனையில்லாத மாய்ஸ்சரைசரும், துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் போதும். இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுப்பதால் நிறமி வகைக்கு இன்னும் நல்லது. பிறகு வைட்டமின் சி அல்லது அசிலாயிக் அமிலம், இரண்டில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. இமை விளிம்பில் வேண்டாம். கண்குழி எலும்பின் மேல் புள்ளி புள்ளியாக வைத்து மோதிர விரலால் ஒற்றுங்கள். 12 வாரத்துக்கு முன் பலனைத் தீர்மானிக்க வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்குக் கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து தொடங்கிய பிறகுதான் இமை கறுத்தது. ஹார்மோனா?

பதில்: மருந்துதான் காரணமாக இருக்கும். லட்டனோபிராஸ்ட், பைமட்டோபிராஸ்ட் போன்ற சொட்டுகள் இமையைச் சுற்றிக் கறுக்கச் செய்யும்; நிறுத்தினால் சில மாதங்களில் வெளுக்கும். ஆனால் நீங்களாக நிறுத்தினால் பார்வையே போகலாம். சொட்டு விட்டதும் வழிவதை உடனே துடைத்துவிடுங்கள். மாற்று மருந்து பற்றிக் கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்குக் கருவளையம். எந்நேரமும் கண்ணையும் மூக்கையும் தேய்க்கிறான். இந்த வயதிலேயே ஹார்மோன் கோளாறு வருமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பது மூக்கு ஒவ்வாமையின் சித்திரம். மூக்கடைப்பால் கண்ணுக்குக் கீழுள்ள சிரைகளில் ரத்தம் தேங்கி நீலம் பாரிக்கிறது. தேய்க்கத் தேய்க்க நிறமியும் படிகிறது. ஒவ்வாமைக்குச் சிகிச்சை எடுத்தால் கசக்குவது நிற்கும், கருமையும் குறையும். கண்ணுக்கு கிரீம் எதுவும் வேண்டாம். ஆனால் எடை கூடுதலாக இருந்து பிடரியும் கறுத்திருந்தால், இந்த வயதிலும் இன்சுலின் எதிர்ப்பு வரக்கூடியதே. குழந்தை மருத்துவரிடம் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது, ஒல்லியான உடம்பு, சர்க்கரை இல்லை. இரண்டே மாதத்தில் கழுத்து, கண்ணோரம், உதடு எல்லாம் தடித்துக் கறுத்துவிட்டது. உள்ளங்கையும் சொரசொரப்பாகிவிட்டது. இதுவும் இன்சுலின்தானா?

பதில்: அப்படி எண்ணிக் காத்திருக்க வேண்டாம். எடை கூடாதவருக்கு, நடுவயது தாண்டி, திடீரென்று வேகமாகப் பரவி, உதட்டையும் உள்ளங்கையையும் தொடும் இதே வகைத் தடிப்பு, சில சமயம் உள்ளே வளரும் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். அதிலும் இரைப்பைப் புற்றுநோயே அதிகம். பசியின்மை, எடை குறைவு, கறுப்பு மலம் இருக்கிறதா என்று கவனித்து, இல்லாவிட்டாலும்கூட, உடனே பொது மருத்துவரைப் பாருங்கள். தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துச் சோதிப்பதோடு, இரைப்பை எண்டோஸ்கோப்பியும் தேவைப்படும்.