ஒரே குப்பி ஆல்ஃபா சைனூக்ளின், மூன்று விதமான வளைவு

ஓர் ஆராய்ச்சி மாணவியின் கேள்வி: "உலர்பொடியாக வந்த மனித ஆல்ஃபா சைனூக்ளின் 1 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து, பி.எச். மாறாமல் காக்கும் பஃபரும், புரத இழைகளில் ஒட்டினால் ஒளிரும் தியோஃபிளாவின் டி சாயமும் சேர்த்து, 37 டிகிரியில் குலுக்கி வைத்தேன். பிளேட்டின் ஒரு வெல்லில் (சிறு குழியில்) 15 மணி நேரத்தில் ஒளிர்வு ஏறுகிறது. பக்கத்து வெல்லில் 40 மணி நேரம் ஆகிறது. மூன்றாவதில் ஏறவே இல்லை. புரதம் கெட்டுவிட்டதா, புதுக் குப்பி வாங்கட்டுமா?"

இப்போதைக்கு வாங்க வேண்டாம். புதுக் குப்பி வந்தாலும் இதே கதைதான் நடக்கும். கரைத்த திரவத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சோதனையைத் தொடங்கியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான்.

இந்தப் புரதம் நரம்புச் செல்களின் சந்திப்புகளில், செய்தி அனுப்பும் பக்கத்தில் குவிந்திருப்பது. 140 அமினோ அமிலங்கள், எடை சுமார் 14.5 கிலோடால்டன். கரைசலில் இதற்கு நிலையான மடிப்பு கிடையாது, அவிழ்ந்த நூல் மாதிரி மிதக்கும். பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் காணப்படும் லூயி பாடிகளில் (நரம்புச் செல்லுக்குள் இருக்கும் புரதக் கட்டிகளில்) இதே புரதம்தான் இழைகளாகத் திரண்டு கிடக்கிறது என்பது 1997-இல் தெரியவந்தது. நீங்கள் வெல்லுக்குள் நடத்திப் பார்ப்பதும் அந்தத் திரள்தல்தான்.

திரள்வதற்கு முதலில் ஒரு விதை உருவாக வேண்டும். தானாக உருவாகும் விதை எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் உலர்த்தும்போதோ கரைக்கும்போதோ சிறு திரள்கள் சில உண்டாகிவிடும். அவற்றில் ஒன்றிரண்டு ஒரு வெல்லுக்குள் கூடுதலாகப் போனால் போதும், அந்த வெல் முந்திக்கொள்ளும். உங்கள் 15 மணி நேர வெல்லில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. இந்தப் புரதத்தின் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி, அதாவது அதன் மொத்த மின்சுமை சுழியமாகும் பி.எச்., 4.7 அளவில் இருக்கிறது. உப்பில்லாத பொடியை வெறும் தண்ணீரில் கரைத்தால் பி.எச். அந்தப் பக்கம் இறங்கிவிடலாம், அங்கே இது சுலபமாகத் திரளும். குப்பிக்குள் பஃபர் உப்பும் சேர்த்து உலர்த்தப்பட்டிருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள். இல்லையென்றால் நேரடியாக பி.எச். 7.4 பஃபரில் கரையுங்கள்.

கரைத்ததும் 100,000 ஜி விசையில் ஒரு மணி நேரம் சுழற்றி, மேல் திரவத்தை மட்டும் எடுங்கள். அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் கைக்கு எட்டாவிட்டால் 100 கிலோடால்டன் ஃபில்டர் வழியாகக் கடத்தி, கீழே இறங்கியதை எடுங்கள். அப்புறம் செறிவை அளந்தே ஆக வேண்டும். லேபிளில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், வடிகட்டியபின் அது பொருந்தாது. இந்தப் புரதத்தில் டிரிப்டோஃபான் கிடையாது, 4 டைரோசின் மட்டும்தான். அதனால் 280 நானோமீட்டரில் உறிஞ்சல் குறைவு. உறிஞ்சல் கெழு 5,960. ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் என்றால் 69 மைக்ரோமோலார், 1 செ.மீ. குவெட்டில் (அளவிடும் சிறு கலத்தில்) 0.41 காட்டும். அதே மாதிரியை 330 நானோமீட்டரிலும் பாருங்கள். அங்கே கிட்டத்தட்ட சுழியம் இருக்க வேண்டும். 0.05 அளவுக்கு ஏதாவது தெரிந்தால் திரள் ஒளியைச் சிதறடிக்கிறது என்று அர்த்தம், மறுபடி சுழற்றுங்கள்.

மூன்றாவது வெல்லைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விதை இல்லாத சுத்தமான மோனோமர் (திரளாத தனி மூலக்கூறு) பி.எச். 7.4-இல் அசையாமல் இருந்தால் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். எல்லா வெல்லிலும் ஒரே அளவு குலுக்கல், ஒரே அளவு சிறு கண்ணாடி மணி, ஆவியாகாதபடி இறுக்கமான சீல், இந்த மூன்றும் இருந்தால் வளைவுகள் நெருங்கி வரும். முற்றிலும் ஒன்றாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆறு வெல்லாவது போடுங்கள். மூன்று போதவே போதாது.

பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. மனித ஜீனில் 136-ஆம் இடத்து டைரோசினுக்கான கோடானை (மூன்றெழுத்துக் குறியீட்டை), இந்தப் புரதத்தைத் தயாரிக்கப் பயன்படும் ஈ.கோலி பாக்டீரியா சில சமயம் தவறாகப் படித்து சிஸ்டீனை வைத்துவிடும். இயல்பான ஆல்ஃபா சைனூக்ளினில் சிஸ்டீனே கிடையாது. அந்தக் கலப்படப் பங்கு இரண்டிரண்டாக இணைந்துகொள்ளும். ஜெல்லில், சிஸ்டீன் இணைப்பை உடைக்கும் டி.டி.டி. சேர்த்தும் சேர்க்காமலும் ஓட்டிப் பாருங்கள். சேர்க்காததில் மட்டும் இருமடங்கு எடையில் ஒரு பட்டை தெரிந்தால் இதுதான் காரணம். டி.ஏ.சி. கோடானை டி.ஏ.டி. என்று மாற்றிய பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் ஜீனைக் கொண்டுபோகும் டி.என்.ஏ. வளையத்தில்) செய்த புரதத்தைக் கேட்டு வாங்குங்கள். புதுக் குப்பிக்குப் பணம் செலவழிப்பதில் நியாயம் இருப்பது அப்போதுதான்.

பின்னால் இதே இழைகளை நியூரான் வளர்ப்பில் சேர்ப்பதாக இருந்தால், எண்டோடாக்சின் (பாக்டீரியா உறையிலிருந்து வரும் நச்சு) அளவைக் கட்டாயம் கேளுங்கள். ஈ.கோலியின் மிச்சம் இருந்தால் மைக்ரோக்ளியா (மூளையின் பாதுகாப்புச் செல்கள்) அதற்கே கிளர்ந்துவிடும், நீங்கள் புரதத்தின் விளைவு என்று நினைத்துக்கொள்வீர்கள். இழைகளை ஐஸில் வைக்காதீர்கள், குளிரில் அவை கலையக்கூடும். வழக்கமாக எல்லாவற்றையும் ஐஸில் வைத்துப் பழகிய கை இங்கேதான் தவறும். மைனஸ் 80-இலிருந்து எடுத்தால் வேகமாக உருக்கி, அறை வெப்பத்தில் வைத்து, செல்லில் சேர்க்கும் முன் சோனிகேட் செய்யுங்கள், அதாவது ஒலி அலையால் சிறு துண்டுகளாக்குங்கள்.

சோனிகேட் செய்யும்போது துளி தெறிக்கும். முகக் கவசமும் கையுறையும் போடுங்கள். மேசையை 1 சதவீத எஸ்.டி.எஸ். (ஒரு சோப்பு வகைப் பொருள்) கரைசலால் துடையுங்கள். இந்த இழைகளைப் பரப்பிலிருந்து எடுக்க ப்ளீச்சைவிட அது நன்றாக வேலை செய்கிறது. மோனோமர் வேலைக்குத் தனி பிப்பெட் வைத்துக்கொள்ளுங்கள். இழை தொட்ட பிப்பெட் அந்தப் பக்கம் போனால், அடுத்த பிளேட்டிலும் ஒரு வெல் 15 மணி நேரத்தில் ஏறி நிற்கும்.