முதல் அத்தியாயத்தைப் பீரோவில் வையுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் ரயிலில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வேலைக்குப் போகிறேன். 1992 தாமிரபரணி வெள்ளத்தை வைத்து ஒரு நாவல் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மூன்று நாள் எழுதினால் பத்து நாள் விட்டுப்போகிறது. ஆனித் தேருக்கு விருந்தாளிகள் வந்தபோது நின்றது, இன்னும் எடுக்கவில்லை. முதல் அத்தியாயத்தை மட்டும் ஆறு தடவை திருத்திவிட்டேன். தினமும் எழுத என்ன வழி? லேப்டாப் வாங்கினால் சரியாகுமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, ஆறு தடவை திருத்தினேன் என்று, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறை விட்டுத் தொடங்கும்போதும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறீர்கள். வாசித்தால் கை சும்மா இருக்காது, திருத்தும். ஒரு மணி நேரம் போயிருக்கும், கதை நகர்ந்திருக்காது. மறுநாள் அந்த நோட்டைத் தொட யாருக்கு மனசு வரும்?

அந்த நோட்டைப் பீரோவில் வைத்துவிட்டுப் புது நோட்டு எடுங்கள். கடைசியாக எழுதிய பத்தியை மட்டும் வாசித்துவிட்டு மேலே போங்கள். கதாநாயகியின் பெயரை மாற்றத் தோன்றினால் இன்றிலிருந்து புதுப்பெயரில் எழுதுங்கள். பழைய பக்கங்களை நாவல் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் கதையில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. அது நிஜமாக வந்த வெள்ளம். குறுக்குத்துறை முருகன் கோயிலை ஆறு மூடுகிற காட்சியை எழுதிக்கொண்டிருப்பீர்கள். தண்ணீர் காலையில் ஏறியதா, ராத்திரியிலா என்று சந்தேகம் வரும். போனை எடுப்பீர்கள். அது 2023 டிசம்பர் வெள்ள வீடியோக்களைக் காட்டும். அன்றைய எழுத்து அத்தோடு சரி. சந்தேகம் வந்த இடத்தில் ஓரத்தில் 'பார்க்கணும்' என்று எழுதிவிட்டுக் கடந்துபோங்கள். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக விசாரியுங்கள். இரண்டு வெள்ளத்தையும் பார்த்த பெரியவர்கள் ஆற்றங்கரை ஊர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் போதும், நிறுத்த மாட்டார்கள்.

எழுத ரயிலை விட்டால் உங்களுக்கு வேறு நல்ல இடம் கிடையாது. விடியற்காலை அலாரம் எல்லாம் வேண்டாம். வண்டியில் உட்கார்ந்ததும் நோட்டைத் திறப்பது, சேரன்மகாதேவி வந்ததும் மூடுவது, அவ்வளவுதான். கூட வருகிறவர்கள் பேச்சுக்கு இழுப்பார்கள். "சேரன்மாதேவி வரைக்கும் என்னைய விட்டுருங்கடி" என்று சொல்லிவிடுங்கள். நாலு நாள் கிண்டல் பண்ணுவார்கள், அப்புறம் அவர்களே ஜன்னலோர சீட் பிடித்துத் தருவார்கள். இடமே கிடைக்காத அன்று, நின்றபடி போனில் நாலு வரி தட்டினாலும் கணக்குதான். ஞாயிறு லீவு.

அளவு 200 சொல். வருஷத்தில் 250 நாள் எழுதினால் 50,000 சொல் ஆகிவிடும். ஒரு நாவலுக்கு அது தாராளம். நன்றாக ஓடுகிற அன்றும் காட்சியை முடித்துவிடாதீர்கள். அடுத்து யார் வாய் திறக்கப்போகிறார் என்று தெரிந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மறுநாள் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள். நம்பி ஏமாறாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-ல் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். பழக்கம் படிவதற்கு ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவாந்தரம் 66 நாள். இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் தெரிந்தது. ஆனித் தேரும் கோயில் கொடையும் வருஷா வருஷம் வரத்தான் செய்யும், விருந்தாளிகளுக்குச் சமைக்கத்தான் வேண்டும். முடிந்து வந்ததும் விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்து எழுத உட்காராதீர்கள். அன்றைக்கும் 200 சொல்தான்.

லேப்டாப் இப்போது வேண்டாம். வாங்கினால் எழுத்துரு தேடுவதிலேயே ஒரு மாதம் போய்விடும். கையால் எழுதி முடியுங்கள். டைப் செய்யும்போது எப்படியும் ஒரு முறை முழுக்கத் திருத்துவீர்கள், பீரோவில் இருக்கிற முதல் அத்தியாயத்தையும் அப்போது எடுத்துக்கொள்ளலாம்.