மின் சந்தையில் எந்த மின் நிலையமும் 40-க்கு மேல் கேட்காதபோது, ஓர் இடத்தில் மட்டும் விலை 60 ஆவது எப்படி?

கணக்கில் தப்பில்லை. ஒரு முனையின் (கிரிட்டில் மின்சாரம் ஏறும் அல்லது இறங்கும் இடத்தின்) விலை என்பது, அங்கே இன்னும் 1 மெகாவாட் தேவைப்பட்டால் மொத்த கிரிட்டுக்கும் ஆகும் கூடுதல் செலவு. அது யாரோ ஒருவர் கேட்ட விலையாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

மூன்று முனைகளை வைத்துப் பாருங்கள். க, ச, த மூன்றையும் சமமான மின்மறுப்புள்ள (மின்சாரம் ஓடுவதை ஒரே அளவு எதிர்க்கும்) லைன்கள் முக்கோணமாக இணைக்கின்றன. க-வில் உள்ள நிலையம் ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு 20 கேட்கிறது, ச-வில் உள்ளது 40. தேவை முழுவதும் த-வில், 300 மெகாவாட். க–த லைனின் வரம்பு 150.

மின்சாரம் ஒப்பந்தத்தில் எழுதிய வழியில் போகாது. இருக்கிற எல்லா வழியிலும் பிரிந்து போகும். க-வில் ஏற்றுவதில் மூன்றில் இரண்டு பங்கு க–த லைனில் நேராகப் போகும், மிச்சம் ச வழியாகச் சுற்றும். ச-வில் ஏற்றுவதிலும் மூன்றில் ஒரு பங்கு க–த லைனுக்கு வந்துவிடும். எனவே மிகக் குறைந்த செலவில் முடிவது க 150, ச 150. லைனில் 100 + 50, சரியாக 150.

த-வில் 1 மெகாவாட் கூடட்டும். ச-வை மட்டும் 1 கூட்டினால் லைன் வரம்பு மீறும். ச-வை 2 கூட்டி க-வை 1 குறைத்தால்தான் லைன் தாங்கும். செலவு 80 − 20 = 60. அதுதான் த-வின் விலை.

ஒரு மணி நேரத்துக்கு த கட்டுவது 18,000 (300 × 60). நிலையங்களுக்குப் போவது 3,000 + 6,000. மீதி 9,000, லைன் வரம்பைத் தொட்டதால் வரும் நெரிசல் வருவாய். இதிலிருந்துதான் மின்தட நிதி உரிமை (இரு முனைகளுக்கு இடையிலான விலை வித்தியாசத்தைப் பெறும் உரிமை) வைத்திருப்பவர்களுக்குப் பணம் தருகிறார்கள். உரிமைகளை விற்றபோது கணக்கிட்ட வரம்பைவிட, அன்றன்று கிடைக்கும் வரம்பு குறைந்தால் (ஒரு லைன் பழுதுபார்ப்பில் இருந்தாலே போதும்) கொடுக்க வேண்டிய தொகைக்கு வருவாய் போதாது. உரிமை வாங்குபவர்கள் லைன் நிறுத்த அட்டவணையைப் பார்க்காமல் ஏலம் கேட்கக் கூடாது.

விலை விசித்திரமாகத் தெரிந்தால் முதலில் எந்த லைன் வரம்பைத் தொட்டிருக்கிறது, அதன் நிழல் விலை (வரம்பு 1 மெகாவாட் கூடினால் மிச்சமாகும் செலவு) என்ன என்று பாருங்கள். இங்கே வரம்பை 151 ஆக்கினால் க 153, ச 147 ஆகும்; 60 மிச்சம், அதுவே நிழல் விலை. விலையை ஆற்றல், நெரிசல், இழப்பு என்று பிரித்துக் காட்டும் பகுதிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்; மேற்கோள் முனையை (மற்ற முனைகளின் விலையை ஒப்பிட எடுக்கும் அடிப்படை முனையை) மாற்றினால் அந்தப் பிரிவினையே மாறும், மொத்த விலை மாறாது.

பெரிய மண்டலத்துக்கு ஒரே விலை வைத்தால் இந்தச் செலவு ஒழியாது, மறைந்துதான் போகும்: மண்டலத்துக்குள் வரும் நெரிசலைச் சரிசெய்யும் செலவு எல்லோர் பில்லிலும் பரவும். டெக்சாஸ் 2010 டிசம்பரில் மண்டல விலையை விட்டு முனை விலைக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். நியூசிலாந்து 1996-லேயே மாறிவிட்டது.