ஹைப்ரிட் கார்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: என் கார் மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ் ஹைப்ரிட். மூன்று வாரம் திருச்சி போய்த் திரும்பினால், ரிமோட்டை அழுத்தினாலும் கதவு திறக்கவில்லை. 200 வோல்ட் பேட்டரி இருக்கும்போது இது எப்படி? (யீஷூன் வாசகர்)

பதில்: காரை அணைத்ததும் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) பெரிய பேட்டரியைத் துண்டித்துவிடும். அவற்றை மீண்டும் இணைக்க, பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வலது ஓரம் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி வேண்டும். அது இறங்கினால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை. நிறுத்திய காரிலும் சாவி ரிசீவரும் அலாரமும் மின்சாரம் இழுக்கும். கார் கேமராவை 'பார்க்கிங்' முறையில் விட்டுப் போனால் இன்னும் வேகமாக இறங்கும்.

ரிமோட்டுக்குள் இருக்கும் உலோகச் சாவியை உருவி ஓட்டுநர் கதவைத் திறங்கள். பானெட்டைத் தூக்கினால் ஃபியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியிட்ட முனை தெரியும். ஜம்பர் கேபிளின் சிவப்பு அதில். கறுப்பு, பெயின்ட் இல்லாத உலோகத்தில். இன்ஜினைச் சுழற்றுவது பெரிய பேட்டரி என்பதால் கையடக்க பூஸ்டரே போதும். முனைகளை மாற்றிப் பொருத்தினால் ஃபியூஸ் உருகும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வெர்ட்டர் வரை செலவு போகலாம். இந்தக் காரிலிருந்து பெட்ரோல் காருக்கு ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம்.

ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல நிலை, 12.2 என்றால் பாதிதான். பயன்படுத்தாத வாரங்களில் யாரையாவது 'ரெடி' விளக்கு எரிய, 'பி' (பார்க்) கியரில் ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்கள். ரேடியோ மட்டும் பாடும் நிலையில் விட்டால் சார்ஜ் ஏறாது, இறங்கும். புதிது வாங்கும்போது வாயு வெளியேறும் குழாய் பொருந்துகிற ஏஜிஎம் வகையே (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாய் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) வாங்குங்கள்; பேட்டரி பயணிகள் பகுதிக்குள் இருக்கிறது.

கேள்வி: சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து அதே மாடலை வாடகைக்கு ஓட்டுகிறேன். மதியத்தில் பின்சீட்டருகே விசிறி இரைகிறது, பெட்ரோலும் கூடுதலாகப் போகிறது. (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: முதலில் பின்சீட்டின் பக்கவாட்டில் உள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். 7.2 வோல்ட் தொகுதிகள் 28 சேர்ந்த பேட்டரியைக் குளிர்விப்பது கேபினின் ஏர்கான் காற்று. பயணிகளின் பைகள் துளையை அடைத்தாலோ, விசிறி இறக்கைகளில் பஞ்சு படிந்தாலோ பேட்டரி சூடாகும். உடனே கணினி அதன் பங்கைக் குறைக்கும், இன்ஜின் அதிகம் உழைக்கும். பெட்ரோல் போவது அங்கேதான்.

விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நடுத்தொகுதிகளே அதிகம் சூடாகி முதலில் தளர்கின்றன. தளர்ந்த ஒன்றை மட்டும் மாற்றுவது எங்களுக்கு உடன்பாடில்லை: மற்றவையும் அதே வயது, சில மாதங்களில் அடுத்தது விழும். உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு கேபிளைப் பயிற்சியற்றவர் தொடவே கூடாது.

கேள்வி: தீவு விரைவுச்சாலை நெரிசலில் கியரை 'என்'-இல் (நியூட்ரல்) வைக்கலாமா? (ஜூரோங் வாசகர்)

பதில்: வேண்டாம். 'என்'-இல் இன்ஜின் ஓடினாலும் பெரிய பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏர்கான் மட்டும் அதைக் குடித்துக்கொண்டிருக்கும். 'டி'-யிலேயே (டிரைவ்) பிரேக்கை மிதித்து நில்லுங்கள்.