வலைத்தள வடிவமைப்பு பற்றிப் பலரும் தவறாக நம்பும் விஷயங்கள் என்னென்ன?

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருந்துகொண்டு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். லாட்ஜ், கருவாட்டு வியாபாரம், சங்குப் பொருள் கடை, கருப்பட்டி மண்டி என்று எல்லாம் இந்தக் கரையோரத் தொழில்கள்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

டிசைன் என்றால் பார்க்க அழகாக இருப்பது என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றுக்கும் வேர். நானும் அப்படி நம்பித்தான் தொழிலுக்கு வந்தேன். கருவாடு விற்கும் ஒரு அக்காவுக்கு முதன்முதலில் செய்துகொடுத்த பக்கத்தில், வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் நிற எழுத்தில் விலைப்பட்டியல் போட்டிருந்தேன். வீட்டுக்குள் லேப்டாப்பில் பார்த்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது. அக்கா அதைத் திறந்தது கருவாடு காயப்போட்ட இடத்தில், உச்சிவெயிலில். மணலும் கடலும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கிற நேரம். முந்தானையை இழுத்துப் போனுக்கு நிழல் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, நெத்திலி வெலை எங்க போட்டிருக்க? ஒண்ணுமே தெரியலயே."

அன்று ராத்திரிதான் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் வைத்திருந்தது 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல். வெள்ளையோடு அதற்குள்ள வேறுபாடு ஒன்றுக்கு 2.85தான். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்று 2008லேயே சொல்லிவிட்டது. 767676 என்று கொஞ்சம் இருட்டாக்கினாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். ஆனால் அது நிழலில் உட்கார்ந்து பார்ப்பவருக்கான கணக்கு. நம் கடற்கரை வெயிலுக்கு அதுவும் காணாது. நான் இப்போது கிட்டத்தட்ட கறுப்பில்தான் எழுத்து வைக்கிறேன்.

இந்தத் தரங்களெல்லாம் பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான் என்று நினைப்பதும் தவறு. வெயிலில் நிற்கிற எவருக்கும் பார்வை குறைவுதான். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்தவர் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். அதைக்கூட முடியாதபடி பூட்டிவைக்கிற பக்கங்கள் இன்றும் வருகின்றன. அப்படிப் பூட்டுவதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன்.

அடுத்தது, நமக்கென்றே உள்ள ஒன்று. தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமானால் அதைப் படமாகப் போட வேண்டும் என்கிற எண்ணம். ஒரு காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வரிகள் உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமில்லாத குப்பையாகத் தெரியும். அதனால் படமாக்கினார்கள். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் கொடுக்கும் யூனிகோடு முறையின் 1991ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது, இன்றைக்குக் கையில் இருக்கிற எந்த போனும் தமிழை எழுத்தாகவே காட்டும். இருந்தும் ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் பக்கத்தைப் பார்த்தேன். கோயிலின் 22 தீர்த்தங்களின் பெயர்களையும் நோட்டீஸ் அடித்த படமாகவே ஏற்றியிருந்தார்கள். ஒரு பெயரைக்கூடத் தொட்டு நகலெடுக்க முடியாது, பெரிதாக்கினால் மங்கும், திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் டாக்பேக் செயலியை வைத்துக் கேட்பவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை. இவ்வளவு நல்ல விவரத்தைச் சேர்த்துவைத்தும் போய்ச்சேராமல் கிடந்தது எனக்கு மனக்கஷ்டமாக இருந்தது.

எழுத்தாகப் போட்டவர்களும் ஆங்கிலத்துக்குச் செய்த பக்க அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பட்டனில் 'முன்பதிவு செய்ய' எப்படி அடங்கும்? வரிகளுக்கிடையே இடம் போதாமல் மேல்வரியின் 'கூ'வும் கீழ்வரியின் 'கீ'யும் முட்டிக்கொள்ளும். பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறிக்காவிட்டால், படித்துக்காட்டும் செயலி அதை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் பார்க்கும்.

படங்கள் ஓடினால்தான் வெப்சைட் என்பது லாட்ஜ்காரர்களின் நம்பிக்கை. 2025 ஏப்ரலில் பாம்பன் புதுப் பாலம் திறந்ததிலிருந்து எல்லாருக்கும் முகப்பில் அந்தப் பாலம் வேண்டும். பாலம் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4 எம்பி. ஐந்து படம் ஓடவிட்டால் 20 எம்பி, அதாவது 160 மெகாபிட். நொடிக்கு 2 மெகாபிட் கிடைக்கிற இடத்தில் அது முழுதாக இறங்க 80 நொடி ஆகும். ரயிலில் வந்துகொண்டே ரூம் தேடுகிற குடும்பம் அவ்வளவு நேரம் காத்திருக்குமா? அமெரிக்காவில் நோட்ரடாம் பல்கலைக்கழகத் தளத்தில் எண்ணிப் பார்த்தபோது, முகப்பில் ஓடிய படங்களைத் தொட்டவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அவர்களிலும் பெரும்பாலானோர் தொட்டது முதல் படத்தை. அதனால் "அண்ணே, ஒரே படம், அதுவும் 150 கேபிக்குள்ள. அதுக்குக் கீழயே வாடகையும் போன் நம்பரும்" என்று சொல்லிவிடுகிறேன். சிலர் கேட்பார்கள், சிலர் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

மூன்று கிளிக்குக்கு மேல் போனால் ஆள் போய்விடுவார் என்பார்கள். ஜோஷுவா போர்ட்டர் என்ற வலைத்தள வடிவமைப்பு ஆய்வாளர் 2003ல் வெளியிட்ட ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை. அடுத்து எங்கே போகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் பத்துத் தடவையும் தொடுவார்கள். மெனுவில் ஏழுதான் இருக்கலாம் என்பது உளவியலாளர் ஜார்ஜ் மில்லரின் 1956 கட்டுரையைத் தவறாகப் பிடித்துக்கொண்டது. அவர் பேசியது நினைவில் வைத்திருப்பதைப் பற்றி. மெனுவோ கண்முன்னால் இருக்கிறது.

கடைசியாக, ஒருமுறை கட்டிக்கொடுத்தால் வேலை முடிந்தது என்கிற நினைப்பு. அந்த அக்காவின் பக்கத்தை மாற்றிச் செய்தபோது இதைத்தான் அதிகம் யோசித்தேன். இங்கே ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கருவாட்டு விலை வாரத்துக்கு வாரம் மாறும். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் பழைய விலைதான் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் முகப்பில் இருந்த அலங்காரத்தையெல்லாம் எடுத்துவிட்டு, மீன் பெயர், கிலோ விலை, இருப்பு என்ற மூன்று கட்டங்களும் மேலே தேதியும் மட்டும் வைத்தேன். போனிலிருந்தே அவர் மாற்றிக்கொள்ளலாம். முதல் நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். இப்போது காலையில் கருவாட்டை விரித்துப் போட்டுவிட்டு அவரே விலையைத் திருத்திவிடுகிறார்.